ஞாயிறு யாருடைய நாள்? பாகாலா வட்டாரத்தில் கணவன் மனைவி சேர்ந்து செல்லும் பயணங்கள்

பாகாலா சந்திப்பிலிருந்து மூன்று திசைக்கு ரயில் போகிறது. சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு ஒன்று, சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு ஒன்று, பீலேரு, மதனப்பள்ளி ரோடு, கதிரி வழியாகத் தர்மாவரத்துக்கு ஒன்று. 1890களின் தொடக்கத்தில் தென்னிந்திய ரயில்வே கம்பெனி விழுப்புரத்துக்கும் தர்மாவரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதை போட்டதில் இந்தச் சின்ன ஊர் சந்திப்பானது. அப்போது இது வடஆர்க்காட்டு ஜில்லா. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது, 1953இல் ஆந்திர மாநிலத்துக்குள் வந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. 2022 ஏப்ரலில் மாவட்டங்களை மறுபடி பிரித்தபோது பாகாலா மண்டலம் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. ஆட்சிக் கோடுகள் இப்படி நகர்ந்தாலும், கோட்டின் இரண்டு பக்கத்திலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் தெலுங்கும் தமிழும் கலந்து பேசிக்கொண்டு இங்கேயே இருக்கின்றன.

இப்படிப்பட்ட ஊரில் கல்யாணமான இருவர் விடுமுறை நாளில் எங்கே போகிறார்கள், எதற்காகப் போகிறார்கள், போய்வர வீட்டில் யாருடைய சம்மதம் வேண்டியிருக்கிறது? ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள இது மிகச் சிறிய கேள்வி என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு குடும்பத்தில் நேரம் யார் கையில் இருக்கிறது என்று அறிய இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. சொத்தைப் பற்றியும் சீதனத்தைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டோம். நேரமும் ஒரு சொத்துதான், அதன் பாகப்பிரிவினையைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நம் ஊர்களில் பழைய வழக்கம் இல்லை. அமாவாசை, கிருத்திகை, ஏகாதசி, சந்தை நாள், திருவிழா என்றுதான் நாட்கள் அடையாளம் பெற்றன. பம்பாய் நூற்பாலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே நடத்திய நெடும் போராட்டத்துக்குப் பிறகு 1890இல் அங்கே ஞாயிறு ஓய்வு கிடைத்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் தேசம் முழுதும் ஆலைகளில் வார விடுமுறையைக் கட்டாயமாக்கியது. இந்த வரலாறு முழுக்கக் கூலி வேலையின் வரலாறு. கூலி இல்லாத வேலைக்கு எந்தச் சட்டமும் வார விடுமுறை தரவில்லை. ஒரே வீட்டில் கணவனுக்கு ஞாயிறு விடுமுறையாகவும் மனைவிக்கு அதுவே வாரத்தின் கனத்த நாளாகவும் இருப்பதன் வேர் இங்கே இருக்கிறது.

சித்தூர்ப் பக்கத்து ஞாயிறைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அன்றைக்குக் கறி எடுக்க வேண்டும். நாட்டுக்கோழியாக இருந்தால் சுத்தம் செய்யவே ஒரு பொழுது ஆகும். கேழ்வரகு மாவைக் கொட்டிக் கட்டி தட்டாமல் கிளறி, கையை நனைத்துக்கொண்டு சூட்டோடு சூடாக உருண்டை பிடித்துச் சங்கட்டி வைக்க வேண்டும். உருண்டை ஆறிவிட்டால் ருசி போய்விடும் என்பதால் ஆண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்த பிறகே அதைப் பிடிப்பார்கள். ஆகவே செய்தவள் கடைசியில்தான் உட்காருவாள். அதற்குள் மதியம் 3 மணி ஆகியிருக்கும். பாத்திரம் துலக்கி நிமிரும்போது மாட்டில் பால் கறக்கும் நேரம் வந்துவிடும்.

மாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வட்டாரம் கலப்பினக் கறவை மாடுகளுக்குப் பேர்பெற்றது. மழை பொய்த்து வேர்க்கடலை கைவிட்ட வருடங்களிலெல்லாம் பல குடும்பங்களைக் காப்பாற்றியது பால் காசு. காலையும் மாலையும் பால் வண்டி வரும். வண்டி வரும் நேரத்துக்குக் கேனோடு நிற்க வேண்டும். மாடு வைத்திருக்கும் வீட்டில் கணவன் மனைவி இருவரும் ஒரே நாளில் வெளியே கிளம்புவது சுலபமான காரியம் இல்லை. மாமியாரோ கொழுந்தன் பெண்டாட்டியோ இருந்தால் அவர்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம். தனிக்குடித்தனம் என்றால் “நீ போயிட்டு வா, நான் மாட்டைப் பார்த்துக்கறேன்” என்று ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பெரும்பாலும் விட்டுக்கொடுப்பது மனைவி. கூட்டுக் குடும்பத்தால் பெண்ணுக்குச் சுதந்திரம் குறைகிறது என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். மாட்டுத் தொழுவத்தின் பக்கம் நின்று பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. அத்தை ஒருத்தி வீட்டில் இருப்பதால்தான் பல இளம் தம்பதிகளால் ஒரு பொழுதாவது சேர்ந்து வெளியே போக முடிகிறது.

மாங்காய்ப் பருவத்தில் அதுவும் நடக்காது. பாகாலாவுக்குப் பக்கத்துத் தாமலச்செருவு, 1740இல் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி மராட்டியப் படையிடம் தோற்று மடிந்த கணவாய் என்று சரித்திரப் புத்தகத்தில் வரும் இடம். இன்றைய ஜனங்களுக்கு அது மாங்காய் மண்டிகளின் ஊர். தோதாபுரிக் காய் கூழ் ஆலைகளுக்குப் போகிற ஜூன், ஜூலை மாதங்களில் தோப்பு வைத்திருப்பவர், காய் பறிப்பவர், லாரி ஏற்றுபவர், ஆலையில் தோல் சீவும் பெண்கள் என யாருக்கும் கிழமை கிடையாது. 2025இல் விலை சரிந்து, கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் சேர்த்து 12 ரூபாய் கிடைக்கச் செய்வதாக அரசு அறிவிக்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட பருவம் முடிந்த பிறகு கையில் எது மிஞ்சுகிறதோ அதை வைத்துத்தான் ஆடிக்குப் பிந்தைய பயணங்கள் திட்டமாகின்றன.

இனி எண்கள். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று அரை மணி அரை மணியாகக் கேட்டுப் பதிந்தது. 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதத்தினர் அன்று சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தார்கள். ஆண்களில் 26.1 சதவீதம். செய்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தால் பெண்களுக்குச் சராசரி 299 நிமிடம், ஆண்களுக்கு 97 நிமிடம். அதாவது நான்கு ஆண்களில் மூன்று பேர் அந்த நாளில் வீட்டு வேலையில் கையே வைக்கவில்லை. தேச அளவிலான சராசரி இது. பாகாலாவை இதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது, ஆனால் பாகாலா இதற்கு விலக்கு என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை.

அந்த ஆய்வு பின்பற்றிய சர்வதேச வகைப்பாட்டில் வழிபாடும் உறவினரோடு பழகுவதும் ஒரு தலைப்பு, பொழுதுபோக்கும் ஊடகமும் வேறொரு தலைப்பு. கணவனும் மனைவியும் கோயிலுக்குப் போய், குளத்துப் படியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டு, வளையல் வாங்கி, சினிமா பார்த்துத் திரும்பும் ஒரு நாளை இந்தக் கட்டங்களுக்குள் போட்டால் அது பல துண்டாக உடைந்துவிடும். நம் ஊரில் அது ஒரே காரியம். கும்பிடுவது எங்கே முடிகிறது, உல்லாசம் எங்கே தொடங்குகிறது என்று போய்வந்தவர்களாலேயே சொல்ல முடியாது. சாமி கும்பிடப் போகிறோம் என்ற ஒரு சொல்லுக்கு வீட்டில் யாரும் மறுப்புச் சொல்வதில்லை. அந்தச் சொல்லின் நிழலில்தான் இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தம்பதிகள் தங்களுக்கென்று சில மணி நேரத்தைச் சம்பாதித்திருக்கிறார்கள். பக்தியை இதனால் நான் குறைத்துப் பேசவில்லை. பக்தி இந்த இடத்தைக் கொடுத்தது என்பது அதன் பெருமைகளில் ஒன்று.

காணிப்பாக்கத்தைப் பாருங்கள். பாஹுதா நதிக் கரையில், கிணற்றுக்குள் தானாகத் தோன்றியதாக நம்பப்படும் வரசித்தி விநாயகர். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கோயில் என்பது வழங்கிவரும் வரலாறு. இங்கே பொய்ச் சத்தியம் செய்தவன் தப்ப மாட்டான் என்பது ஊரறிந்த நம்பிக்கை. வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல் வழக்கெல்லாம் இந்தச் சந்நிதியில் சத்தியம் செய்து தீர்த்துக்கொள்ளப்பட்டிருக்கின்றன. குடியை விடுவதாகச் சத்தியம் செய்ய வருகிறவர்களும் உண்டு. அப்படி வருகிறவன் தனியாக வருவது அபூர்வம். பக்கத்தில் மனைவி நிற்பாள், சில சமயம் மாமனாரும் நிற்பார். குளித்த ஈரத்தோடு அவன் கை கூப்பி நிற்க, அவள் பார்வை சாமியை விட்டு அவன் வாயின் மேல் இருக்கும், சொல்லை முழுக்கச் சொல்கிறானா என்று. அந்தப் பயணத்துக்கு நாள் பார்த்தது அவள், பஸ்ஸுக்குக் காசு எடுத்து வைத்தது அவள். இதை உல்லாசப் பயணம் என்று எந்தக் கணக்கெடுப்பும் எழுதாது. ஆனால் சத்தியம் முடிந்து வெளியே வந்து இருவரும் சேர்ந்து டீ குடிக்கும் அந்தப் பத்து நிமிடம் அவளுடைய கல்யாண வாழ்க்கையில் எவ்வளவு பெரிய இடம் பிடிக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

கல்யாணமான புதிதில் போகும் இடம் வேறு. சந்திரகிரிக்கும் திருப்பதிக்கும் நடுவில் சீனிவாச மங்காபுரம் இருக்கிறது. நாராயணவனத்தில் ஆகாசராஜன் மகள் பத்மாவதியைக் கல்யாணம் செய்துகொண்ட சீனிவாசன், உடனே மலைக்குப் போகவில்லை. புதுமணத் தம்பதி ஆறு மாதம் மலையேறக் கூடாது என்பதால் அகஸ்திய முனிவரின் ஆசிரமத்தில் மனைவியோடு தங்கினார் என்பது தலபுராணம். அந்த இடம்தான் இந்தக் கோயில். 16ஆம் நூற்றாண்டில் அன்னமய்யாவின் வழிவந்த தாள்ளபாக்கம் குடும்பத்தார் இதற்குத் திருப்பணி செய்திருக்கிறார்கள். வரன் அமையாதவர்களும் புதிதாக மணமானவர்களும் கல்யாண வெங்கடேசுவரரைத் தேடி வருகிறார்கள்.

இந்தக் கதையைத் தத்துவத்துக்குள் கொண்டுபோகாமல், குடும்பம் நடத்திய ஜனங்கள் சொல்லிவந்த கதையாகப் படித்துப் பாருங்கள். மாப்பிள்ளை கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்குகிறார், வட்டி இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். கல்யாணக் கடன் தலைக்கு மேல் நிற்க, புகுந்த வீடும் இல்லாமல் பிறந்த வீடும் இல்லாமல், ஒரு பெரியவரின் ஆசிரமத்தில் ஆறு மாதம் இருவரும் தனியாக இருக்கிறார்கள். கடமையும் கூட்டமும் நிறைந்த மலை அதற்குப் பிறகுதான். கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேருக்கு ஒருவரையொருவர் பழகிக்கொள்ளத் தனியான காலமும் இடமும் வேண்டும் என்பதை இதைவிட நேராக ஒரு புராணம் எப்படிச் சொல்லும்? இன்றைக்கு இந்த ஆறு மாதம் தடையாக மட்டுமே நினைவில் நிற்கிறது. அதற்குள் இருக்கும் சலுகையை வீட்டுப் பெரியவர்கள் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொண்டால் பல மருமகள்கள் மூச்சுவிடுவார்கள்.

கதை அங்கே முடியவில்லை. பிறகு அவர் மலைமேல், அவள் கீழே திருச்சானூரில். இருவரும் ஒரே கூரையின் கீழ் இல்லை. கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின் கடைசி நாளான பஞ்சமி தீர்த்தத்தன்று மலையிலிருந்து அவளுக்குப் புடவையும் மஞ்சள் குங்குமமும் ஊர்வலமாக வரும். அவர் இரவில் நடந்தே இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிறார், அதனால்தான் செருப்புத் தேய்கிறது என்று ஜனங்கள் சொல்வார்கள். அலிபிரிப் பாதால மண்டபத்தில் பாதரட்சைகளைத் தலையில் வைத்துச் சுற்றி வருவதை இன்றும் பார்க்கலாம். பெங்களூரிலோ சென்னையிலோ ஸ்ரீசிட்டியிலோ வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு மாலை கிளம்பும் கணவன்மார் பாகாலா வட்டாரத்தில் ஏராளம். அவர்களுடைய மனைவிகளுக்குத் திருச்சானூர் அம்மனின் நிலைமை விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

மலைமேல் தினமும் நடக்கும் கல்யாண உற்சவத்துக்குத் தம்பதியாகத்தான் போக முடியும். இருவருக்கு ஒரு சீட்டு, 1,000 ரூபாய். ஆண் வேட்டி, பெண் புடவை. முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர்கள் மறுபடி மணமக்களைப் போலப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, சாமிக்குத் தாலி கட்டுவதைப் பார்க்கிறார்கள். சங்கல்பத்தில் இரண்டு பேரின் பெயரும் சேர்ந்தே ஒலிக்கிறது. அன்றாட வாழ்வில் வேறெங்கும் அப்படி ஒலிப்பதில்லை, ரேஷன் கார்டைத் தவிர. தம்பதியாக மலைக்குப் போகும் வழக்கத்துக்கு ராஜ மரபும் உண்டு. 1513இல் கிருஷ்ணதேவராயர் முதன்முறை திருமலைக்கு வந்தபோது திருமலாதேவியும் சின்னாதேவியும் கூட வந்து, சாமிக்குப் பால் நிவேதனம் செய்யப் பொற்கிண்ணங்கள் தங்கள் பெயரில் கொடுத்தார்கள். மகாதுவாரத்தைத் தாண்டியதும் ராயரின் செப்புச் சிலைக்கு இரண்டு பக்கமும் ராணிகளின் சிலைகள் கை கூப்பி நிற்கின்றன. தரிசன வரிசை நெட்டித் தள்ளும் வேகத்தில் பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

திருப்பதி நகரத்தின் கங்கம்மா ஜாத்திரையை விட்டுவிட முடியாது. மே மாதத்தில் ஒரு வாரம். ஆண்கள் நேர்த்திக்கடனாகப் பெண் வேடம் போடுவார்கள். மானிடவியலாளர் ஜாய்ஸ் ஃப்ளூகிகர் திருப்பதியில் கள ஆய்வு செய்து 2013இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். அதில் என் மனதில் பதிந்த விஷயம் வேடத்துக்கு முந்தைய நேரம். வீட்டுப் பெண்களே புடவை கட்டிவிட்டு, பின்னல் போட்டு, பூ வைத்து, நகை மாட்டி ஆண்களைத் தயார் செய்கிறார்கள். மடிப்பு எடுக்கும் வரை அசையாமல் நில் என்று மனைவி சொல்ல, கணவன் கேட்டு நிற்கிறான். வருடத்தின் மற்ற நாட்களில் இப்படி ஒரு காட்சி நடப்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பெயர் தெரியாத ஆயிரம் ஆயிரம் தம்பதிகளின் வழக்கங்கள். தங்கள் தினசரி வாழ்க்கையைத் தாங்களே எழுதி வைத்த ஒரு ஜோடியும் இந்த ரயில் பாதையில் வாழ்ந்திருக்கிறது. மார்கரெட், ஜேம்ஸ் கசின்ஸ். இருவரும் அயர்லாந்துக்காரர்கள். 1903இல் கல்யாணம். அவள் சங்கீதப் பட்டதாரி, அவன் கவிஞன். 1908இல் ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை நிறுவியவர்களில் மார்கரெட் ஒருத்தி, அதற்காகச் சிறை போனவள். 1915இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பில் அடையாற்றுக்கு வந்தார்கள். நியூ இந்தியா பத்திரிகையில் இருந்த ஜேம்ஸுக்கு, 1916 டப்ளின் எழுச்சியைப் புகழ்ந்து எழுதியதில் வேலை போயிற்று. மதனப்பள்ளி தியாசபிகல் கல்லூரிக்குப் போனார், பிறகு அதன் முதல்வர் ஆனார். மதனப்பள்ளிக்கு ரயிலில் போகிறவர்கள் பாகாலா தர்மாவரம் பாதையில் மதனப்பள்ளி ரோடு நிலையத்தில்தான் இறங்க வேண்டும்.

வேலை போய் ஒரு சின்ன ஊருக்கு வந்துசேர்ந்த அந்நிய தேசத்துத் தம்பதி என்ன செய்வார்கள்? வீட்டுக்குள் அடைந்து கிடந்திருக்கலாம், விடுமுறைக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று வெள்ளைக்காரர்கள் போகும் வழியில் போயிருக்கலாம். மார்கரெட் செய்தது ஊர்ப் பெண்களை மாலை நேரத்தில் ஒன்று சேர்த்தது. அபலா அபிவர்த்தினி சமாஜம் என்று மதனப்பள்ளியில் ஒரு சங்கம் உருவானது. வீட்டு வாசலைத் தாண்டக் காரணம் வேண்டியிருந்த பெண்களுக்கு அது ஒரு காரணம். அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1917இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் பிறந்தது. அதே வருடம் டிசம்பர் 18ஆம் தேதி, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்களின் தூதுக்குழு சென்னையில் இந்தியா மந்திரி மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. அந்த முயற்சிக்குப் பின்னால் இருந்த கை மார்கரெட்டுடையது. 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கியது, இந்திய மாகாணங்களில் முதலாவதாக. சொத்துத் தகுதி இருந்த சிலருக்குத்தான் என்றாலும் வாசல் திறந்துவிட்டது. பெண்ணுக்குக் கிடைத்த ஒரு மாலைப் பொழுது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்த வட்டாரத்திலேயே இப்படியொரு சாட்சி இருப்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

மதனப்பள்ளிக் கல்லூரியில் புதன்கிழமை இரவுகளில் பாட்டுக் கச்சேரி மாதிரி ஒரு கூடல் உண்டு, ஆசிரியர்களும் மாணவர்களும் ஆளுக்கொரு பாட்டுப் பாடுவார்கள். 1919 பிப்ரவரியில் ஓய்வுக்காக அங்கே தங்கியிருந்த தாகூர் அப்படியொரு இரவில் ‘ஜன கண மன’ பாடினார். மார்கரெட் அதற்கு இசைக் குறிப்பு எழுதினார். பிப்ரவரி 28ஆம் தேதி தாகூர் அங்கேயே அதை ஆங்கிலத்தில் ஆக்கினார். தேசிய கீதத்தின் வரலாற்றில் இதைச் சொல்லும்போது மகானின் வருகையாக மட்டும் சொல்கிறார்கள். ஒரு தம்பதி தங்கள் வார வாழ்க்கையில் மற்றவர்களுக்குத் திறந்துவைத்திருந்த ஒரு சாயங்காலம் அது.

1922இல் மார்கரெட் கௌரவ மாஜிஸ்திரேட் ஆனார், இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். 1932இல் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசி வேலூர் பெண்கள் சிறைக்குப் போனார். 1943இல் பக்கவாதம் விழுந்தது. அதற்குப் பிறகும் இருவரும் சேர்ந்து, மாறி மாறி எழுதி, ‘வீ டூ டுகெதர்’ என்ற சுயசரிதையை 1950இல் சென்னையில் வெளியிட்டார்கள். ஒருவர் எழுதிய இடத்தில் மற்றவர் தொடர்வதால் ஒரே காலத்தை இரண்டு கண்களால் பார்க்க முடிகிறது. மார்கரெட் 1954இலும், ஜேம்ஸ் 1956இலும் மறைந்தார்கள். நம் மொழியில் தலைவர்களின் சுயசரிதைகள் உண்டு, அபூர்வமாக அவர்கள் மனைவியரின் சுயசரிதைகளும் உண்டு. கணவனும் மனைவியும் சமமாக உட்கார்ந்து ஒரே புத்தகமாகத் தங்கள் வாழ்க்கையை எழுதுவது இங்கே ஒரு மரபாக வளரவேயில்லை. இதைக் குறையாகவே நினைக்கிறேன்.

கோயில் அல்லாத இடங்களுக்கும் இப்போது தம்பதிகள் போகிறார்கள். சேஷாசலக் காட்டுக்குள் 270 அடி உயரத்திலிருந்து விழும் தலகோனா அருவி, 1870 வாக்கில் கடப்பைக் கலெக்டர் ஹார்ஸ்லி வீடு கட்டியதால் அவர் பெயர் பெற்ற மலை, ராஜ மஹாலும் ராணி மஹாலும் உள்ள சந்திரகிரிக் கோட்டை. 1639இல் சென்னைக் கடற்கரை நிலத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தது இந்தக் கோட்டையை ஆண்ட வம்சத்தின் காலத்தில்தான். மோட்டார் பைக் வந்த பிறகே இவையெல்லாம் ஒரு நாள் தூரத்துக்குள் வந்தன. பைக்கில் போகும்போது பெரியவர்களுக்கு இடம் இல்லை, கைக்குழந்தை ஒன்றுக்கு மட்டும் இடம் உண்டு, ஆகவே இருவர் பயணம் என்பதற்கு முதல்முறையாக ஒரு வாகனம் கிடைத்தது. ஆனாலும் தலகோனாவில் கூடச் சித்தேசுவரர் கோயில் இருப்பது பல வீடுகளில் கைகொடுக்கிறது. அருவிக்குப் போகிறோம் என்று சொல்லத் தயங்குகிறவர்கள் சிவன் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். பூங்காவிலோ கோட்டைப் புல்வெளியிலோ ஓர் இளம் ஜோடி கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் முறைத்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கல்யாணமானவர்கள்தான் என்பதைக் கழுத்துத் தாலியும் கால் மெட்டியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இது வருத்தமான விஷயம்.

காட்பாடிப் பக்கம் போகும் பயணங்களில் ஒரு பங்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு. டோக்கன் வாங்கி, ரத்தம் கொடுத்து, ரிசல்டுக்குக் காத்திருக்கும் மத்தியானத்தில் ஓட்டல் சாப்பாடு, கிடைத்தால் கோட்டை ஜலகண்டேசுவரர் தரிசனம். பல மூத்த தம்பதிகள் சேர்ந்து வெளியே போவது இதற்கு மட்டும்தான்.

போக்குவரத்தில் இரண்டு மாற்றங்கள் தொடங்கியிருக்கின்றன. 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை திருப்பதி, பாகாலா, காட்பாடி ஒற்றைப் பாதையை இரட்டைப் பாதையாக்க ஒப்புதல் கொடுத்தது. 104 கிலோமீட்டர், 1,332 கோடி ரூபாய். திருமலை, காளஹஸ்தி, காணிப்பாக்கம், சந்திரகிரிக் கோட்டை ஆகியவற்றுக்குப் போகிறவர்களுக்கு வசதி என்று அரசு அறிவிப்பே சொல்கிறது. ஒற்றைப் பாதையில் எதிர் வண்டிக்காகக் காத்து நிற்கும் நேரம் எப்போதும் உள்ளூர்ப் பாசஞ்சரின் தலையில்தான் விழும். இரட்டைப் பாதை வந்தபின் கிடைக்கும் இடத்தை நெடுந்தூர வண்டிகளுக்கும் சரக்குக்கும் மட்டும் கொடுத்துவிடாமல், ஞாயிறு காலை ஒன்று, மாலை ஒன்று என உள்ளூர் வண்டிகளுக்கும் ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது மாற்றம் அதைவிடப் பெரியது. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசின் ஸ்த்ரீ சக்தித் திட்டத்தில் பல்லெவெலுகு என்னும் கிராமப் பஸ் முதல் எக்ஸ்பிரஸ் வரையான அரசுப் பஸ்களில் மாநிலத்துக்குள் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் 2021இலேயே நகரப் பஸ்களில் இது வந்துவிட்டது. கணவனும் மனைவியும் ஏறினால் கண்டக்டர் இரண்டு சீட்டுக் கிழிக்கிறார். ஒன்றில் பூஜ்யம், ஒன்றில் கட்டணம். இருவர் பயணத்தின் செலவு பாதியாகக் குறைந்தது ஒரு விளைவு. கணவன் இல்லாமலே அக்கா, தங்கை, பக்கத்து வீட்டுப் பெண் என்று சேர்ந்து கிளம்பிவிட முடிவது இன்னொரு விளைவு. இதுவரை ‘கூட்டிக்கொண்டு போவது’ அவன் கையில் இருந்தது. இனி அவள் ‘வர்றீங்களா?’ என்று கேட்கலாம். அவன் வராவிட்டாலும் பஸ் போகும்.

இந்த மாற்றத்தை ஊகத்தில் விட்டுவிட வேண்டியதில்லை. பூஜ்யச் சீட்டு ஒவ்வொன்றும் டிக்கெட் மெஷினில் பதிவாகிறது. அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு கொடுப்பதே அந்தக் கணக்கை வைத்துத்தான். எந்த நிறுத்தத்தில் ஏறினார், எதுவரை சீட்டு, என்ன கிழமை, என்ன நேரம் என்ற விவரத்தைப் பெயர் இல்லாமல் மண்டல வாரியாகக் கழகம் வெளியிட வேண்டும். அப்படி வந்தால், பாகாலாவில் பஸ் ஏறும் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை காணிப்பாக்கம் போகிறார்களா, திருப்பதி போகிறார்களா, அம்மா வீட்டுக்குப் போகிறார்களா, மாலைப் பால் வண்டிக்கு முன்பே திரும்பிவிடுகிறார்களா, மாங்காய் மாதங்களில் எண்ணிக்கை எவ்வளவு விழுகிறது என்பதையெல்லாம் முதல்முறையாக எண்ணில் பார்க்கலாம். திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இந்த வேலையை எடுத்துச் செய்ய அவற்றின் சமூகவியல், பெண்கள் ஆய்வு மாணவிகளைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது. அவர்களில் பலர் அதே பஸ்ஸில்தான் கல்லூரிக்கு வருகிறார்கள்.